இன்ஜினியரிங் இன்டர்வியூவுக்கு என்ன டிரஸ் போடுறது? முதல்ல எந்த வேலைன்னு பாருங்க

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே தம்பி தங்கச்சிங்க கிட்ட இருந்து ஒரே கேள்விதான், அண்ணே பிளேசர் வாங்கணுமா, டை கட்டணுமா, ஜீன்ஸ் போட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா. நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், எந்த வேலைக்குப்பா போற? இன்ஜினியரிங் வேலைன்னு ஒரே பேர்ல சொல்றோமே தவிர, சிறுசேரில ஏசில உக்காந்து கோட் எழுதுறதும், ஒரகடத்துல அசெம்பிளி லைன் பக்கத்துல நாள் பூரா நிக்கிறதும், கோயம்புத்தூர் ஃபவுண்டரில மெட்டல் ஊத்துறத பாக்குறதும், மெட்ரோ சைட்ல ஹெல்மெட் மாட்டிட்டு கம்பி எண்ணுறதும் ஒண்ணா? எல்லாத்துக்கும் ஒரே டிரஸ்னு நெட்ல கிடக்குற அட்வைஸ்ல முக்காவாசி குளிர் ஊர்க்காரங்க எழுதுனது, அத நம்பி மே மாசத்துல கிண்டில கோட்டு சூட்டோட பஸ்ஸுக்கு நின்னு பாருங்க தெரியும்.

நான் மெக்கானிக்கல் ஆளு, கம்பெனில இன்டர்வியூ எடுக்குற பேனல்லயும் உக்காருவேன். அந்தப் பக்கம் உக்காந்து பாத்ததுல சொல்றேன், டிரஸ்ஸுக்காக யாரையும் எடுக்குறதில்ல. ஆனா டிரஸ்ஸ பாத்தே இவன் நம்ம வேலை எப்படின்னு தெரிஞ்சுட்டு வந்திருக்கானா இல்ல எல்லா இடத்துக்கும் போற மாதிரி இங்கயும் வந்திருக்கானான்னு ஓரளவு புரிஞ்சுடும். அதனால என் கணக்கு ரொம்ப சிம்பிள். நீங்க போற வேலைய அங்க இப்ப பாத்துட்டு இருக்குறவங்க தினமும் என்ன போட்டுட்டு வர்றாங்கன்னு கண்டுபிடிங்க, அதவிட ஒரு படி நீட்டா போங்க, அவ்ளோதான். ஃபேக்டரி வேலைன்னா கூடவே இன்னொரு கேள்வி, இந்த டிரஸ்ஸோட ஷாப் ஃப்ளோர்ல, அதாவது மெஷின் ஓடுற இடத்துல, அரை மணி நேரம் நடக்க முடியுமா?

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. காலேஜ் சீனியர் யாராவது அங்க இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, அதான் பெஸ்ட். இல்லன்னா லிங்க்ட்இன்ல அந்த கம்பெனி போடுற ஆயுத பூஜை போட்டோ, சேஃப்டி வீக் போட்டோ எல்லாம் பாருங்க, மேனேஜ்மென்ட் ஆளுங்க இல்ல, பின்னாடி நிக்கிற இன்ஜினியருங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க. பக்கத்துல இருக்குற கம்பெனின்னா ஷிஃப்ட் விடுற நேரத்துல கேட் எதிர்ல ஒரு டீ குடிச்சா போதும், எல்லாம் தெரிஞ்சுடும். அப்புறம் கால் லெட்டர ஒழுங்கா படிங்க, சில பேர் அதுலயே ஃபார்மல்ஸ்னு, இல்ல பிளான்ட் விசிட் இருக்கும் ஷூ கட்டாயம்னு போட்டிருப்பாங்க, பாதி பேர் டேட்டையும் அட்ரஸையும் மட்டும் பாத்துட்டு மூடி வெச்சுடுறாங்க. எச்ஆர் கன்ஃபர்ம் பண்ண போன் பண்ணும்போது "சார், பிளான்ட் உள்ள வர வேண்டியிருக்குமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, இன்னும் சொல்லப்போனா நல்ல கேள்வி அது.

பிளேசர் விஷயத்த முடிச்சுடுவோம். வேணாம். காலேஜே யூனிஃபார்ம் மாதிரி பிளேசர் கொடுத்து போட்டே ஆகணும்னு சொன்னா போட்டுக்கோங்க, வேற வழி இல்ல. மத்தபடி ஃப்ரெஷருக்கு இங்க பிளேசர் தேவைப்படுற இன்ஜினியரிங் வேலை ரொம்ப கம்மி. ஃபைனல் இயர் முடிச்சு நிறைய பேர் ஆஃப் கேம்பஸ்னு காலேஜுக்கு வெளிய வேலை தேடி அலையுறது மே ஜூன்ல, மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சுடும், சென்னைல வெயிலவிட அந்தப் புழுக்கம்தான் ஆள கொல்லும், ரூம் ஏசியா இருந்தாலும் வெளில காரிடார்ல உக்கார வெச்சிருப்பாங்க, உள்ள கூப்பிடுறதுக்குள்ள கோட்டுக்கு அடில சட்டை பிழியுற அளவுக்கு ஆகியிருக்கும், அப்புறம் கழட்டவும் முடியாது. கடன் வாங்குன பிளேசர்னா தோள் இறங்கி, கை விரல் வரைக்கும் வந்து, பெரியப்பா சட்டைய போட்ட சின்னப் பையன் மாதிரி இருக்கும். டையும் அப்படித்தான், காலேஜ் ரூல்னா கட்டுங்க, இல்லன்னா விட்டுடுங்க, மெஷின் ஷாப் பக்கம் போறதா இருந்தா டை கட்டவே கட்டாதீங்க, கழுத்துல தொங்குற எதுவும் சுத்துற மெஷினுக்கு ஆகாது.

அப்ப என்னதான் போடுறது. பசங்களுக்கு லைட் கலர் பிளெயின் ஃபுல் ஹேண்ட் சட்டை, டார்க் கலர் பேன்ட், பெல்ட், மூடுன ஷூ. இது எந்த இடத்துலயும் தப்பா போகாது. ஆனா இதையே போட்டுட்டு பத்து பேர் வரும்போது ஒருத்தன் மட்டும் பளிச்சுன்னு தெரிவான், காரணம் விலை இல்ல, அளவு. சட்டைல முதல்ல தோள் தையல பாருங்க, அது தோள் எலும்பு முடியுற இடத்துல சரியா நிக்கணும், கைல இறங்குச்சுன்னா சட்டை பெருசு. மேல் பட்டன் போட்டா காலருக்குள்ள ரெண்டு விரல் போகணும். கைய நீட்டுனா கஃப் மணிக்கட்டு எலும்ப தாண்டி மேல ஏறக்கூடாது. உக்காந்து பாருங்க, வயித்துகிட்ட பட்டன் இடைவெளி வாய பிளக்குதான்னு, ட்ரையல் ரூம்ல எல்லாரும் நின்னுதான் பாக்குறாங்க, இன்டர்வியூல நீங்க உக்காந்துதான் இருக்கப் போறீங்க. பேன்ட் ஷூ மேல ஒரு மடிப்பு விழுற நீளம் போதும், கீழ குவிஞ்சு கிடந்தா பக்கத்து டெய்லர்கிட்ட கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள அடிச்சுக் கொடுத்துடுவார்.

ரெடிமேட் உடம்புக்கு ஒத்துவராதவங்க, ரொம்ப ஒல்லியா இருக்குறவங்க, நல்லா உயரமானவங்க, இவங்க எல்லாம் துணி எடுத்து தைக்கிறதுதான் நல்லது. 58 இஞ்ச் அகலத் துணில ஃபுல் ஹேண்ட் சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20 மீட்டர்னு கடைல பிட்டாவே வெட்டி வெச்சிருப்பாங்க, உயரமா இருந்தா கொஞ்சம் கூட சேத்து கேளுங்க. ஒரே ஒரு விஷயம், டெய்லர் வியாழக்கிழமை தர்றேன்னா அது வியாழக்கிழமை இல்ல, எந்த வாரத்து வியாழக்கிழமைன்னும் சொல்ல முடியாது, தீபாவளி நேரம்னா சுத்தம். அதனால இன்டர்வியூ தேதி வந்தப்புறம் துணி எடுக்க ஓடாதீங்க, ஆறாவது செமஸ்டர் முடியறப்பவே ஒரு செட் தெச்சு வெச்சுடுங்க.

கலர் பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். வேர்வை அதிகமா வர்ற ஆளுங்க லைட் கிரே சட்டையும் வான நீலமும் எடுக்காதீங்க, அக்குள்ல ஈரம் பட்டா அதுலதான் அப்படியே மேப் மாதிரி தெரியும். வெள்ளைலயும் நல்ல டார்க் நேவிலயும் ஈரம் அவ்வளவா தெரியாது. வெள்ளை போட்டா உள்ள போடுற பனியன் தெரியும், வெள்ளைக்குள்ள வெள்ளை பனியன் போட்டா இன்னும் எடுப்பா தெரியும், தோல் கலருக்கு கிட்ட வர்ற மாதிரியோ வெளிறுன கிரேலயோ போட்டா தெரியாது. பனியன் போடாம மட்டும் போகாதீங்க, வேர்வைய முதல்ல அதுதான் வாங்கிக்கும். துணி காட்டனோ காட்டன் அதிகமா கலந்ததோ எடுங்க. சுத்த காட்டன்னா கசங்கும், உண்மைதான், அயர்ன் கடைக்காரர் கிட்ட லேசா கஞ்சி போட்டு தரச் சொன்னா மத்தியானம் வரைக்கும் நிக்கும், மொடமொடன்னு போட்டுட்டார்னா உக்காந்தா மடிப்பு விழுந்து அப்படியே நிக்கும் பாத்துக்கோங்க.

இப்ப கோர் கம்பெனி, அதாவது மெக்கானிக்கல் மாதிரி படிச்ச படிப்புக்கு நேரான வேலை இருக்குற இடம். எனக்கு இதுல பேச நிறைய இருக்கு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், அம்பத்தூர் எஸ்டேட், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் அரசூர் கணபதி, இந்த மாதிரி இடத்துல இன்டர்வியூன்னா பேசி முடிச்சுட்டு "வாங்க லைன் பாத்துட்டு வரலாம்"னு கூட்டிட்டு போக நல்ல சான்ஸ் இருக்கு, சில இடத்துல அந்த நடைதான் நிஜ இன்டர்வியூவே, நடந்துக்கிட்டே இது என்ன ஆபரேஷன், ஏன் இங்க கூலன்ட் வருதுன்னு கேப்பாங்க. அப்ப ஷூ சோல் வழுவழுன்னு லெதர்ல இருந்தா ஆயில் பட்ட தரைல வழுக்கும், ரப்பர் சோல் ஷூதான் சரி, லேஸ் வெச்சது இன்னும் நல்லது. செருப்பு, சாண்டல், கான்வாஸ் போட்டு போனா செக்யூரிட்டியே உள்ள விட மாட்டார், பிளான்ட்ல சேஃப்டி ஷூ கொடுப்பாங்கன்னு நம்பி போனா உங்க சைஸ் இருக்காது.

மோதிரம், கைல கயிறு, பிரேஸ்லெட், கழுத்துக்கு வெளிய தொங்குற செயின், ஐடி கார்டு டேக், இதெல்லாம் கேட்லயே கழட்டி பைல போட்டுடுங்க. சும்மா ஸ்டைலுக்கு சொல்லல, லேத்லயும் டிரில்லிங் மெஷின்லயும் மோதிரம் மாட்டி விரல் போனவங்கள ஊர்ல எல்லா மெஷின் ஷாப்லயும் கேக்கலாம். 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 22வது செக்‌ஷன்லயே, ஓடுற மெஷின் பக்கத்துல போய் செக் பண்றவங்க, ஆயில் விடுறவங்க உடம்போட ஒட்டுன டிரஸ்தான் போட்டிருக்கணும்னு எழுதியிருந்துச்சு. சட்டை டக் இன் பண்ணியிருக்கணும், கைய மடிச்சு விட்டா லூஸா விடாம இறுக்கமா மடிங்க. மேல் பாக்கெட்ல பேனா, போன் எதுவும் வேணாம், மெஷின் உள்ள குனிஞ்சு பாக்கும்போது தொபுக்குன்னு உள்ள விழும், அப்புறம் இன்டர்வியூ வேற மாதிரி போயிடும்.

ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், வெல்டிங் ஷாப் இருக்குற இடம்னா பாலியஸ்டர் போடவே வேணாம். பாலியஸ்டர் 250 டிகிரி தாண்டுனா உருகி தோல்ல ஒட்டிக்கும், இரும்பு ஊத்துறது 1300 டிகிரிக்கு மேல, தூரத்துல இருந்து பறந்து வர்ற ஒரு பொறி போதும். காட்டன்ல பட்டா கருகி ஓட்டை விழும், அவ்வளவுதான். விசிட்டர்ஸ தள்ளிதான் நிக்க வைப்பாங்க, ஆனாலும் காட்டன் போட்டுட்டு வந்த பையன்கிட்ட ஏன்னு கேட்டு அவன் இந்த காரணத்த சொன்னான்னு வைங்க, எந்த மெட்டலர்ஜி மேனேஜரும் சந்தோஷமா சிரிச்சுடுவார்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில கதை வேற. அங்க பிரச்சனை ஸ்டாடிக், அதாவது உரசுறதுல உடம்புல ஏறுற மின்சாரம். நம்ம உடம்புல சுள்ளுன்னு ஷாக் தெரியணும்னா 3000 வோல்ட் கிட்ட வேணும், ஆனா சில சிப்பு 100 வோல்ட்டுக்கு கீழயே செத்துடும், நமக்கு தெரியவே தெரியாது. சிந்தெடிக் துணி உரசி உரசி சார்ஜ் ஏத்தும், அதனால இங்கயும் காட்டன்தான். உள்ள போகும்போது ஸ்டாடிக்க தடுக்குற ஈஎஸ்டி கோட்டும் கால்ல மாட்டுற ஸ்ட்ராப்பும் கொடுப்பாங்க, அந்த ஸ்ட்ராப் மாட்டுறதுக்கு வசதியா ஷூ இருக்கணும், பெண்கள் ஹை ஹீல்ஸ் போட்டா அது மாட்டவே மாட்டாது. தூசியே இல்லாம வெச்சிருக்குற கிளீன் ரூம் இருக்குற இடம்னா பவுடர், சென்ட், மேக்கப் எதுவும் இல்லாம போங்க.

சிவில்காரங்களுக்கு சுருக்கமா சொல்றேன். ஆபீஸ்ல இன்டர்வியூன்னா மேல சொன்ன செட் போதும். சைட் ஆபீஸ்னா சேறும் சிமென்ட்டும் இருக்கும், கருப்பு பேன்ட்ல சிமென்ட் தூசி வெள்ளையா அப்பிக்கும், காக்கி இல்ல பழுப்பு கலர் காட்டன் பேன்ட் போட்டுக்கோங்க, பாலிஷ் போட்ட ஷூவ பாத்து அழாதீங்க.

ஐடி பக்கம் ரொம்ப தளர்ந்துடுச்சு. இன்ஃபோசிஸ் மாதிரி கம்பெனியே 2015ல திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் இருந்த ஃபார்மல் டிரஸ் ரூல எடுத்துடுச்சு. ஆனா உள்ள வேலை பாக்குறவன் போடுறது வேற, இன்டர்வியூவுக்கு வர்றவன் போடுறது வேற, பெரிய சர்வீஸ் கம்பெனிங்க மாஸ் ரெக்ரூட்மென்ட் வர்றப்ப ஃபார்மல்லயே போங்க, அங்க தனியா தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஸ்டார்ட்அப்னா காலர் வெச்ச டீஷர்ட், கிழியாத வெளிறாத டார்க் ஜீன்ஸ் தாராளமா போடலாம், அங்க முழு ஃபார்மல்ல டை கட்டி போனாதான் ஒரு மாதிரி பாப்பாங்க. ரவுண்ட் நெக்ல ஏதாவது எழுதியிருக்குற டீஷர்ட் மட்டும் வேணாம், பேனல்ல இருக்குறவர் உங்க பதில விட்டுட்டு அத படிச்சுட்டு இருப்பார்.

அரசு சார்ந்த இடங்கள், பெல், நெய்வேலி என்எல்சி, இஸ்ரோ, கல்பாக்கம் இதெல்லாம் வயசுல மூத்த சயின்டிஸ்ட்டுங்களும் அதிகாரிங்களும் பேனலா உக்காருற இடம். முழு ஃபார்மல், அமைதியான கலர், நல்லா ஷேவ் பண்ணியோ தாடிய ட்ரிம் பண்ணியோ போங்க. அங்க சப்ஜெக்ட்ல தோண்டுவாங்க, ஒரு மணி நேரம் கூட ஓடும், அதனால ரொம்ப டைட்டான பேன்ட் போட்டு மூச்சு விட முடியாம உக்காந்து இருக்காதீங்க.

பொண்ணுங்களுக்கு. இந்த விஷயத்துல அட்வைஸ் பண்றவங்க எல்லாரும் சேலையா சுடிதாரா ஃபார்மல் பேன்ட் சட்டையான்னு மட்டும் பேசுறாங்க, மூணுமே ஓகே, உங்களுக்கு எது போட்டா உடம்ப பத்தி நினைப்பே வராம உக்கார முடியுமோ அத போடுங்க. நானே சொல்றத விட எங்க டீம்ல இருக்குற அக்கா ஒருத்தங்க புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு சொல்றத சொல்றேன், அவங்க ஷாப் ஃப்ளோர்லயே பல வருஷம் இருந்தவங்க. சுடிதார்னா துப்பட்டாவ ரெண்டு தோள்லயும் பின் பண்ணி, பின்னாடி தொங்குற ரெண்டு நுனியும் இடுப்புக்கு மேலயே நிக்கிற மாதிரி மடிச்சுடுங்க, பிளான்ட் உள்ள போறதுன்னு தெரிஞ்சா துப்பட்டா தேவைப்படாத மாதிரி கொஞ்சம் கெட்டித் துணில கோட் காலர் வெச்ச குர்தி இன்னும் நல்லது, ஏன்னா பல இடத்துல துப்பட்டாவ கழட்டிட்டு ஓவர்கோட் போடச் சொல்லுவாங்க, அந்த நேரத்துல சங்கடமா இருக்கும். கீழ லெக்கிங்ஸ விட நேரா தெச்ச காட்டன் பேன்ட் நல்லா இருக்கும், அகலமா ஆடுற பலாஸோ படிக்கட்டுல காலை வாரும், மெஷின் பக்கமும் ஆகாது. சேலை கட்டி பழக்கம் இருந்தா மட்டும் கட்டுங்க, இன்டர்வியூ அன்னைக்கு முதல் தடவையா கட்டி மடிப்ப பிடிச்சுக்கிட்டே நடக்குறது கொடுமை, பிளான்ட் விசிட் இருந்தா சேலை வேணாம்.

தலைமுடி பின்னி கொண்டை போட்டுடுங்க, ஹேர் நெட்டும் கேப்பும் மாட்டச் சொல்ற இடத்துல போனிடெயில் கஷ்டம். பூ வெக்கிறதும் வேணாம், உணவு, மருந்து தொழிற்சாலைல எல்லாம் கண்டிப்பா எடுக்கச் சொல்லுவாங்க. கண்ணாடி வளையல் டேபிள்ல பட்டு சத்தம் வந்துட்டே இருக்கும், கழட்டி வெச்சுட்டு ஒரு வாட்ச் போதும். ஜிமிக்கிக்கு பதில் தோடு. செப்பல், ஹீல்ஸ் ரெண்டும் வேணாம், முன்னாடி மூடுன ஃபிளாட் ஷூ. அப்புறம் அந்த அக்கா அடிச்சு சொல்றது, குர்திக்கு பாக்கெட் வெச்சு தெச்சுக்கோங்கன்னு, போனையும் பஸ் டிக்கெட்டையும் கைலயே பிடிச்சுட்டு ஃபைலையும் தூக்கிட்டு கை குலுக்க முடியாது.

விபூதி, குங்குமம், ஹிஜாப், பூணூல், சிலுவை, இதெல்லாம் இன்டர்வியூவுக்காக யாரும் எடுக்க வேண்டியதில்ல. வெளில தொங்குறத மட்டும் உள்ள விடுங்க, ஹிஜாப்ப மெஷின் ஷாப்ல நுனி தொங்காம உள்ள செருகிக்கிட்டா போதும்.

காசு விஷயம். சட்டை, பேன்ட், பெல்ட், ஷூ எல்லாம் சேத்து 2500 ரூபாய்க்குள்ள முடிக்கலாம்னு நினைக்கிறேன், பிராண்டு தேடாம இருந்தா. சென்னைல வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தி.நகர், கோயம்புத்தூர்ல ஒப்பணக்கார வீதி, பிட் துணிக்கு ஈரோடு ஜவுளி சந்தை. திருப்பூர் காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சீப்பா கிடைக்கும்னு ஓடுவாங்க, டீஷர்ட்டுக்கு சரி, ஃபார்மல் சட்டைக்கு அது இடம் இல்ல, அங்க முக்காவாசி பனியன் துணிதான். காச எங்கயாவது கூட போடணும்னா ஷூல போடுங்க. புது ஷூவ வாங்குன அன்னைக்கே இன்டர்வியூவுக்கு போடக்கூடாது, ஒரு வாரம் வீட்டுக்குள்ள சாக்ஸோட போட்டு நடங்க, இல்லன்னா குதிகால கடிச்சு நொண்டிக்கிட்டே உள்ள போவீங்க. ஹாஸ்டல்ல ரூம்மேட் சட்டைய வாங்கி போடுறது தப்பே இல்ல, அளவு சரியா இருந்தா, பெல்ட்டையும் சேத்தே வாங்குங்க, ஷூவும் பெல்ட்டும் ஒரே கலர்ல இருந்தா நல்லா இருக்கும்.

அன்னைக்கு காலைல போற வழிதான் டிரஸ்ஸ நாசம் பண்றது. காலைல எலக்ட்ரிக் ட்ரெயின்ல தாம்பரம் போறதுக்குள்ள அயர்ன் பண்ண சட்டை கைக்குட்டை ஆயிடும். தூரமா இருந்தா சாதா டீஷர்ட்டும் செருப்புமா கிளம்பி, சட்டைய நியூஸ்பேப்பர்ல மடிச்சு பைல வெச்சு, ஷூவ தனி கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, அங்க பக்கத்துல ஒரு ஓட்டல்லயோ பெட்ரோல் பங்க்லயோ முகம் கழுவி மாத்திக்கலாம். பைக்ல போறவங்க ஒரு சீப்பு எடுத்துக்கோங்க, ஹெல்மெட் தலைய என்ன பண்ணி வெக்கும்னு உங்களுக்கே தெரியும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அந்த சமயத்துல எக்ஸ்ட்ரா சாக்ஸ் ஒரு ஜோடி பைல இருக்கட்டும், நனைஞ்ச சாக்ஸோட ஏசி ரூம்ல உக்காந்து தெர்மோடைனமிக்ஸ் பேசுறது பெரிய தண்டனை. வர்ற வழில டிபன் சாப்பிட்டா சாம்பார் இல்லாததா சாப்பிடுங்க.

வீடியோ இன்டர்வியூன்னா நெருக்கமான கோடு போட்ட சட்டையும் பொடி கட்டமும் கேமரால மினுமினுன்னு ஆடும், பிளெயின் போடுங்க. பின்னாடி சுவர் வெள்ளையா இருந்தா வெள்ளை சட்டை அதுல கரைஞ்சுடும், நீலம் எடுப்பா இருக்கும், வீட்லதான இருக்கீங்க, ஃபேன் போட்டுக்கலாம், வேர்வை கவலை இல்ல. கீழ லுங்கியோட உக்காராதீங்க, சார்ஜர் எடுக்க ஒரு தடவை எந்திரிச்சா போதும்.

செகண்ட் ரவுண்ட் அடுத்த நாளே வான்னு சொல்லிட்டா ஒரே செட் வெச்சிருக்குறவங்க பதறுவாங்க. பேன்ட்டும் ஷூவும் அதேதான்னு யாரும் கவனிக்க மாட்டாங்க, சட்டைய மட்டும் வீட்டுக்கு வந்த உடனே காலரையும் அக்குளையும் சோப்பு போட்டு கசக்கி, பிழியாம ஹேங்கர்ல ஃபேன் அடில தொங்க விடுங்க, காலைல அரை ஈரமா இருக்கும்போதே அயர்ன் பண்ணா புதுசு மாதிரி நிக்கும். ஷூக்குள்ள பேப்பர கசக்கி திணிச்சு வெச்சுட்டு தூங்குங்க, வாடை போயிடும்.